மார்கழியில் கிழட்டு நாய் நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

கோட்டையூரான் | டிசம்பர் 20, காலை 5:40

எல்லோருக்கும் வணக்கம். கோட்டையூரில் அப்பத்தா வீட்டில் இருக்கிறேன். எங்கள் மணிக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. ராஜபாளையமும் நாட்டு நாயும் கலந்தவன், வெள்ளை, குட்டை முடி. பத்து நாளாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து முனகுகிறான். தொட்டால் உடம்பு நடுங்குகிறது. எழுந்து நிற்கப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் வழுக்குகின்றன. வெயில் ஏறினால் ஆள் சரியாகிவிடுகிறான். ஒன்றுமே நடக்காத மாதிரி தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான்.

படுப்பது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில். கீழே ஆத்தங்குடிக் கல், பக்கத்தில் திறந்த வானம், பனி நேராக இறங்கும். குட்டியிலிருந்து அதுதான் அவன் இடம். நேற்று ராத்திரி அப்பத்தா நீலகிரித் தைலத்தை எடுத்து அவன் நெஞ்சில் தேய்த்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் அதை நக்கி வாயெல்லாம் எச்சில் ஒழுகுகிறது. இப்போது பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுப்போமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா? செல்போன் 20 டிகிரி என்று காட்டுகிறது. இந்தக் குளிருக்கா ஒரு நாய் நடுங்கும்?

சும்மாயிரு சொக்கா | காலை 6:05

20 டிகிரிக்கு எங்கள் தெருவில் மனுஷனே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருகிறான். நாயை மட்டும் ஏன் கேவலமாகப் பேசுகிறீர்கள். மயிலுக்கே போர்வை கொடுத்த பேகன் பிறந்த நாடு இது. ஒரு துப்பட்டியைப் போர்த்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 6:20

தம்பி, முதலில் மாத்திரையை அப்பத்தா கையிலிருந்து வாங்கி வையுங்கள். முப்பது வருஷம் கால்நடைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும், ஆளை முடித்துவிடும். அதன் கல்லீரலில் அந்த மருந்தை உடைக்கிற சத்து போதாது. ரத்தம் காற்றைச் சுமக்காமல் போய் ஈறு பழுப்பாக மாறும். நாய் கொஞ்சம் தாங்கும், ஆனால் அளவு தவறினால் கல்லீரல் போய்விடும். இபுபுரூபன், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையெல்லாம் இன்னும் மோசம், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். மாட்டுக்கு டைக்ளோபினாக் போடுவதையே 2006-இல் தடை செய்தார்கள். அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் வந்த தடை அது.

அடுத்து தைலம். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டு நெஞ்சை மட்டும் கழுவி, உடனே துண்டால் துடைத்து உலர்த்துங்கள். முழுக் குளியல் வேண்டாம். நீலகிரித் தைலம், கற்பூரம், தலைவலித் தைலம் எதுவும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. நாம் தேய்த்துக்கொண்டு சும்மா இருப்போம், அது நக்கும். வாந்தி எடுத்தாலோ தள்ளாடினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். 20 டிகிரி என்பது காற்றின் கணக்கு. நாயின் உடம்புச் சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. கல் தரையில் எட்டு மணி நேரம் வயிறு அழுந்தப் படுத்தால் தரை அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே பனி இறங்கி முடி நனைந்துவிட்டால், முடிக்குள் நிற்கிற காற்றும் போய்விடும். வயசான நாய்க்குச் சதையும் கரைந்திருக்கும். ஆகவே கல்லையும் ஈரத்தையும் கவனியுங்கள். காற்றின் டிகிரி இங்கே பெரிய விஷயம் இல்லை.

ஆனால் எழுந்திருக்க முடியாமல் வழுக்குகிறது, வெயில் வந்தால் சரியாகிறது என்கிறீர்களே, அது எனக்கு மூட்டு வாதம் மாதிரிப் படுகிறது. உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், நம் பக்கம் அது சர்வசாதாரணம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 99-க்குக் கீழே இருந்தாலும் சரி, 103-ஐத் தாண்டினாலும் சரி, அன்றே காட்ட வேண்டும்.

கோட்டையூரான் | காலை 7:15

மாத்திரை என் சட்டைப் பையில். 100.6 இருக்கிறது. தைலத்தைக் கழுவிவிட்டேன், கழுவும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, துரோகியைப் பார்க்கிற மாதிரி. அப்பத்தாவுக்குக் கோபம். "உங்க ஐயா காலத்துல தெரு நாயெல்லாம் என்ன செஞ்சுச்சு, எந்த டாக்டர்கிட்ட போச்சு" என்கிறார்கள்.

பூனைக்காரி | காலை 7:40

அப்பத்தாவிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்துத் தெரு நாய் அடுப்படிச் சாம்பலில் படுத்தது. எங்கள் தேவகோட்டை வீட்டில் விறகடுப்பு இருந்தவரை பூனை அதற்குள்தான் தூங்கும். விருந்தாளி யாராவது பார்த்தால், அடுப்பில் பூனை தூங்குகிற வீடு என்று ஊர் சொல்லுமே என ஆத்தாவுக்கு மானம் போகும். உலை ஏற்றி இறக்கிய வீடுதான், ஆனால் யார் நம்புவார்கள்? கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தப் பூனைக்கு வேறு சூடான இடம் தேட வேண்டியதாகிவிட்டது. தேடியதும் கார் எஞ்சின்.

இதைக் கொஞ்சம் எல்லோரும் கேளுங்கள். போன தை மாதம் காலையில் வண்டியை எடுக்கப் போன அண்ணன் பானெட்டைக் கையால் தட்டினார், வழக்கமாகத் தட்டுகிறவர் இல்லை, ஏதோ தோன்றியிருக்கிறது. உள்ளேயிருந்து சாம்பல் நிறக் குட்டி ஒன்று ஃபேன் பெல்ட் பக்கமாகக் குதித்து ஓடியது. அன்றிலிருந்து தட்டாமல் சாவி திருப்புவதில்லை. ராத்திரி ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டி நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும், பூனைக்கு அது போதும்.

பனிநாட்டுப் பள்ளத்தூரான் | காலை 9:10

எங்களுக்கு இப்போது ராத்திரி. கனடாவில் வின்னிபெக்கிலிருந்து எழுதுகிறேன். வெளியே மைனஸ் 27. நீங்கள் 20 டிகிரி என்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம், ஆனால் ஆய்வாளர் ஐயா சொன்னதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே நாய் வளர்ப்பவர்கள் சொல்வதும் அதேதான்: தரையிலிருந்து உயர்த்து, ஈரம் ஆகாமல் பார், காற்று அடிக்காமல் மறை.

இங்கே எங்களிடம் ஒரு பீகிள் நாய் இருக்கிறது, குட்டை முடி. இந்தக் குளிரில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வெளியே விடுவதில்லை. ஒரு காலைத் தூக்குவான், அடுத்து இன்னொரு காலைத் தூக்குவான், கொக்கு மாதிரி நிற்பான். அதுதான் அடையாளம், உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். விரலிடுக்கில் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், அதை உடைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். ரோட்டில் பனி உருக உப்பு கொட்டுவார்கள். அது பாதத்தை எரிக்கும், நக்கினால் வாந்தி வரும். ஆகவே ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கால் கழுவல், நம்மூரில் வெளியே போய்விட்டு வந்தால் காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்பார்களே, அதே சட்டம் நாய்க்கு. காலணி மாட்டிப் பார்த்தோம். முதல் நாள் அவன் நடந்த நடையை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பி, அப்பச்சி ஒரு வாரம் பார்த்துச் சிரித்தார்.

காதுநுனி, வால்நுனியெல்லாம் உறைந்துபோகும். அந்த இடம் வெளிறி, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தேய்க்கவே கூடாது, உள்ளே திசு கிழியும். வெதுவெதுப்பான துணியால் ஒத்தி எடுத்து மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறையெதிர் திரவம். பச்சை நிறம், தித்திக்கும். கீழே சொட்டியதைப் பூனை நக்கினால் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம், சிறுநீரகம் போய்விடும். நம்மூரிலும் கூலண்ட் என்று அதைத்தான் ஊற்றுகிறோம், அதனால் சொல்கிறேன்.

மணிக்கு என் யோசனை வைக்கோல். போர்வை வேண்டாம். இங்கே வெளியில் இருக்கிற பூனைகளுக்குப் பெட்டி வைக்கிறவர்கள் போர்வையைப் போடவே மாட்டார்கள், அது ஈரத்தைக் குடித்து உறைந்துவிடும். வைக்கோல் தண்டு உள்ளே காலி, தண்ணீரை இழுக்காது, நாய் அதற்குள் குழி பறித்துப் படுத்தால் தன் சூட்டிலேயே குளிர் காயும். எனக்கு இங்கே ஒரு கட்டு வைக்கோலுக்கு ஆன செலவைச் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். உங்களுக்கு அங்கே சும்மா கிடைக்கும்.

சும்மாயிரு சொக்கா | காலை 9:30

கனடாவில் காசு கொடுத்து வைக்கோல் வாங்குகிற பள்ளத்தூர்க்காரர். பர்மாவுக்குப் போனவர்கள் தேக்கு கொண்டுவந்தார்கள், நீங்கள் வரும்போது வைக்கோல் கொண்டுவாருங்கள் அண்ணே.

கொடைக்கானல் கணப்பு | காலை 10:50

நான் மலைக்காரன். ஜனவரியில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஸ்வெட்டர் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், போடலாம். எங்கள் சிப்பிப்பாறைக்கு ஸ்வெட்டர் இல்லாமல் ராத்திரி இல்லை. எலும்பும் தோலுமான சாதி, கொழுப்பே கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் பதறிச் சொல்கிறேன். நாய்க்குக் குளிர்கிறது என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாதது. நாய் மட்டும் இல்லை, அறையில் தூங்குகிற எல்லோரும் எழுந்திருக்க மாட்டார்கள். மலையில் குளிருக்குக் கரி மூட்டித் தூங்கிப் போனவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 11:15

ஸ்வெட்டர் உங்கள் மலைக்குச் சரி. கோட்டையூர்த் தாழ்வாரத்தில் பனியில் நனைந்த ஸ்வெட்டர், நனையாத வெறும் முடியைவிட மோசம். வயசான நாய் படுத்த இடத்தில் சிறுநீர் விடும், அதுவும் ஸ்வெட்டரில் ஊறும். போட்டால் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள், வெயில் வந்ததும் கழற்றுங்கள், தினமும் கைவைத்து ஈரம் பாருங்கள்.

சொக்கன் சொன்ன பேகன் விஷயத்திலும் ஒரு திருத்தம். மயில் இறகைச் சிலிர்த்துக் காற்றைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், அதற்குப் போர்வை பாரம்தான். வள்ளலுக்குப் பேர், மயிலுக்குச் சிரமம்.

கொடைக்கானல் கணப்பு | காலை 11:22

ஐயா, நான் தாழ்வாரத்தில் போடச் சொல்லவே இல்லையே. வீட்டுக்குள்தான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | காலை 11:30

சரி, அப்படியென்றால் நமக்குள் சண்டை இல்லை.

கூண்டுக்காரி | மதியம் 1:05

பறவைக்காரர்கள் யாரும் பேசாததால் நான். லவ் பேர்ட்ஸ் கூண்டை ராத்திரி மூன்று பக்கம் துணியால் மூடி, ஒரு பக்கம் திறந்து விடுகிறேன். முற்றத்துக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் தொங்கவிடுவதில்லை. பறவை உப்பலாகப் பந்து மாதிரி ஒரு மணி நேரம் இருந்தால் குளிர், நாள் முழுக்க அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நோய். சாம்பிராணி போடும்போது கூண்டை வீட்டின் வேறு கட்டுக்கு மாற்றுங்கள், பறவைக்கு மூச்சுப் பை ரொம்ப நுணுக்கம். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து கருகினால் வரும் புகை பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும். மார்கழியில் ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுத் தோசை வார்க்கிறோம் இல்லையா, அப்போது கவனம். பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் இங்கே கேள்வி கேட்காமல் இருப்பது நல்லது, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

மச்சு வீட்டு மருமகன் | மதியம் 2:30

அவசரக் கேள்வி. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அடியில் தெரு நாய் ஒன்று நாலு குட்டி போட்டிருக்கிறது, இன்று மூன்றாம் நாள். தாயைக் காலையிலிருந்து காணவில்லை. குட்டி ஒன்று சில்லென்று கிடக்கிறது, பால் ஊற்றினால் வாயை மூடவில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், மார்கழியே இப்படி இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | மதியம் 2:34

பாலை நிறுத்துங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் ஜீரணம் ஆகாது, நுரையீரலுக்குள்ளும் போய்விடும். முதலில் சூடு. பிறந்த குட்டிக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் நடுங்கக்கூடத் தெரியாது, தாயின் சூட்டில்தான் உயிர். உங்கள் சட்டைக்குள் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி, ஒரு மணி ஆகட்டும். மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். அடுப்புப் பக்கமோ வெந்நீரிலோ வைக்காதீர்கள்.

மற்ற மூன்றுக்கும் அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, ஒரு மூலைக்கு மேல் 40 வாட் குண்டு பல்ப், துணியில் படாத உயரத்தில். ஒரு மூலைக்கு மட்டும்தான், அதிகச் சூடானால் மறுமூலைக்கு நகர்ந்துபோக இடம் வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், பிரிந்து பரவிப் படுத்தால் வெக்கை. உடம்பு வெதுவெதுப்பானதும் வாய் உறிஞ்சத் தொடங்கும், அப்போது குட்டிகளுக்கென்று விற்கிற பால்பவுடர். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். குப்புறப் படுக்கவைத்துக் கொடுங்கள், மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்த வேண்டாம்.

மச்சு வீட்டு மருமகன் | மாலை 5:50

சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது கத்துகிறது! தாயும் வந்துவிட்டாள், பின்தெருவில் கல்யாண வீட்டு எச்சில் இலையைத் தின்றுவிட்டு நிம்மதியாக வந்திருக்கிறாள். குட்டி நாலும் பால் குடிக்கின்றன. என் சட்டையை மாமியார் தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டார்.

மீன்தொட்டி மெய்யப்பன் | இரவு 8:00

மீன் பற்றி ஒரு வரி. தொட்டித் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைப் புள்ளி நோய் வரலாம், லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் போடுங்கள், தண்ணீர் மாற்றும்போது பச்சைத் தண்ணீரை அப்படியே கொட்டாதீர்கள். அவ்வளவுதான்.

கோட்டையூரான் | ஜனவரி 4, மாலை 4:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். காரைக்குடியில் மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கின்றன. உண்ணிக் காய்ச்சல் இல்லை. நாய்க்கென்றே உள்ள மெலாக்சிகம் என்ற வலி மருந்து சிரப், சாப்பாட்டோடு, எடையைப் பார்த்து எழுதிக்கொடுத்தார். இரண்டு கிலோ குறைக்கச் சொன்னார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்பத்தா ஒரு கரண்டி நெய் சேர்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வெளியில் உறைகிற நாய்க்குக் கூடுதல் தீனி வேண்டும், வீட்டில் படுத்திருக்கிற கிழவனுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். மிளகு ரசமும் நிறுத்தம், அதில் போடுகிற பூண்டு நாய் ரத்தத்துக்கு ஆகாதாம்.

படுக்கை கதைதான் பெரிய கதை. முதலில் ஒரு மெத்தை வாங்கினேன். ஒரே ராத்திரியில் பஞ்சு முற்றம் முழுக்கப் பறந்தது. பிறகு இரண்டாங்கட்டில், அடுப்படிச் சுவரை ஒட்டி, மேலே கூரை உள்ள மூலையாகப் பார்த்தேன். பழைய பெட்டகத்தின் கழன்ற கதவு ஒன்று பரணில் கிடந்தது. அதை நாலு செங்கல்லின்மேல் வைத்தேன், தரைக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதன்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் கோணிச் சாக்கு, ஓரம் சரியாமல் இருக்கச் சாக்கின் விளிம்பைச் சுருட்டித் தைத்தது அப்பத்தா. "கன்னுக்குட்டிக்கு மார்கழியில முதுகுல சாக்கு கட்டுவோமே, அது மாதிரிதானே, இதைச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே செஞ்சிருப்பேன்" என்றார்கள். தைலம் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்று ராத்திரி மணி அதில் ஏறவே இல்லை. கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன், மரியாதைக்கு ஐந்து நிமிஷம் படுப்பான், நான் போனதும் முற்றத்துக் கல்லுக்கே திரும்பிவிடுவான். நாலாம் நாள் அப்பத்தா தன் பழைய சுங்குடிச் சேலையைச் சாக்கின்மேல் விரித்தார்கள். மோந்து பார்த்தான், மூன்று சுற்றுச் சுற்றினான், படுத்துவிட்டான். அடுப்படியிலிருந்து அங்கே வரை வழுக்காமல் இருக்கக் கோரைப்பாய் இரண்டு போட்டிருக்கிறேன். காலை நாலு மணி முனகல் நின்று ஒரு வாரம் ஆகிறது. இப்போது ஆறரைக்கு எழுந்திருக்கிறான்.

பனிநாட்டுப் பள்ளத்தூரான் | இரவு 7:45

பெட்டகக் கதவிலா நாய்க் கட்டில்! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். வைக்கோலை வாரம் ஒரு முறை மாற்றுங்கள், பூஞ்சை வாசனை வந்தால் உடனே.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் | இரவு 8:10

நன்று. மாற்றும்போது உண்ணி இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். வெந்நீர்ப் பை வைப்பதானால் துண்டில் சுற்றி வையுங்கள், மின்சார ஹீட்டிங் பேட் வேண்டாம். சட்டென்று நகர முடியாத நாய்க்குத் தோல் வெந்துபோவது நமக்குத் தெரியாது. சிரப் தொடங்கிய பிறகு வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

கோட்டையூரான் | ஜனவரி 12, காலை 8:30

பொங்கலுக்கு வீடு ஒழிக்கிறோம். வெள்ளையடிக்க வந்தவர் அந்த மூலையைக் காலி செய்யச் சொன்னார். பலகையைத் தூக்கலாம் என்று போனால் மணி எழுந்திருக்க மறுத்துவிட்டான், உறுமல் வேறு. கடைசியில் அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் அடித்துவிட்டுப் போனார். புது வைக்கோல் எப்போது வரும், யாருக்காவது தெரியுமா? புதுவயல் பக்கம் அறுப்பு தொடங்கிவிட்டதா?

மச்சு வீட்டு மருமகன் | காலை 9:00

இன்னும் பத்து நாள் ஆகும் அண்ணே. வண்டி வந்தால் உங்களுக்கும் ஒரு கட்டு சொல்லி வைக்கிறேன். எனக்கு இரண்டு வேண்டும், நாலு குட்டியும் வீட்டோடு தங்கிவிட்டன.